ஏற்காட்டு மரமும் ஏழு பகடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிராகன், மந்திரவாதி, குள்ளர் படை என்று கற்பனை உலகில் நடக்கும் மேசை விளையாட்டுகளை ஆடுபவர்களுக்கு மரத்தில் பரிசுப்பொருள் செய்து விற்க, சேலத்திலும் ஏற்காட்டிலும் சிலர் முயன்று வருகிறார்கள். அருமையான வேலை. ஆனால் பொருளை வாங்கிப் போனவர் வீட்டில் மூன்றே மாதத்தில் மூடி வளைந்து நிற்கிறது, குழியில் போட்ட பகடை வெளியே வர மறுக்கிறது. "மலை மரம் இதற்கெல்லாம் ஆகாது" என்று பேசிவிட்டு, செய்தவர்கள் தேக்குக்கோ பிளைவுட்டுக்கோ போய்விடுகிறார்கள். மலை மரத்துக்கு இந்தப் பழி நியாயமில்லை. ஈரம் காயாமல் அறுத்ததும், பகடையை அளக்காமல் துளை போட்டதும்தான் காரணம். இந்த இரண்டையும் விளக்கமாக எழுத இடம் தர வேண்டுகிறோம்.

விளையாட்டைத் தெரியாத தச்சர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி வைத்த வகை இது. ஆடுபவர் ஒவ்வொருவரும் 7 பகடை கொண்ட ஒரு செட் வைத்திருப்பார்: 4 முகம், 6 முகம், 8 முகம், 10 முகத்தில் இரண்டு (ஒன்றில் 0 முதல் 9, மற்றதில் 00 முதல் 90), 12 முகம், 20 முகம். ஆடுபவர்கள் வாயில் இவை டி4, டி6, டி20 என்று வரும். பகடையோடு 28 முதல் 32 மி.மீ. உயரத்தில் சிறு வீரர் பொம்மைகள் இருக்கும். அவற்றின் வட்ட அடிப்பீடம் பெரும்பாலும் 25 மி.மீ. விட்டம், பெரிய பூதங்களுக்கு 50 மி.மீ. அவை நிற்கும் கட்டம் ஒரு அங்குலச் சதுரம். நாம் செய்யும் எல்லாமே இந்த எண்களுக்குள் அடங்க வேண்டும்.

இனி மரம். சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் நிழலுக்காக நட்டு, மிளகுக்கொடி ஏற்றி வளர்க்கும் சில்வர் ஓக்கை வெறும் பெட்டிப் பலகை என்றே பலரும் நினைக்கிறார்கள். அதை அறுக்கும் வாக்கை மாற்றிப் பாருங்கள். நடுக்குருத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் வாக்கில் அறுத்த பலகையில், இழைப்புளி பட்டதும் மினுமினுக்கும் செதில்கள் எழும்பும். மரத்தின் ஆரக்கதிர்கள் நீளவாக்கில் வெட்டுப்பட்டுத் தெரிவதுதான் அது. டிராகன் தோல் மாதிரி இருக்கிறது என்று ஆடுபவர்கள் ஆசைப்பட்டு வாங்குவது இந்தப் பலகையைத்தான். மில்லில் கட்டையை ஒரே வாக்கில் பலகை பலகையாக இறக்கினால் நடுவில் வரும் இரண்டு மூன்று பலகைகளில் மட்டுமே செதில் முழுதாகக் கிடைக்கும். அறுக்கும்போதே பக்கத்தில் நின்று அவற்றுக்குச் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டு வாங்குங்கள். இன்னொரு லாபமும் உண்டு. பெரும்பாலான மரங்கள் வளையத்தின் போக்கில் சுருங்குவதில் ஏறக்குறைய பாதிதான் ஆரத்தின் போக்கில் சுருங்கும். அழகுக்காக எடுத்த பலகையே வளையாத பலகையாகவும் அமைகிறது.

சுருக்கம் எவ்வளவு என்று தேக்கை வைத்தே கணக்குப் பார்க்கலாம். 100 மி.மீ. அகலமுள்ள சாதாரண அறுப்புத் தேக்குப் பலகையின் ஈரம் 16 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கினால் அகலத்தில் 1.3 மி.மீ. குறையும். அதிகம் அசையாது என்று பெயர் வாங்கிய தேக்கே இப்படி. ஐப்பசி மழையில், பனிமூட்டம் ஜன்னலுக்குள் வரும் ஏற்காட்டில் செய்த பெட்டி பெங்களூரில் ஏ.சி. அறைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கள் யோசனை எளிது: மலையில் அறுங்கள், அடிவாரத்தில் காயவையுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஈரக்காற்றில் மாதக்கணக்கில் பிடிவாதம் பிடிக்கும் பலகை, சேலத்து வெயில் காலத்தில் நிழலான கொட்டகையில் நன்றாகவே காயும். நேர் வெயில் மட்டும் படக்கூடாது. பலகைகளுக்கு இடையில் ஒரே கனமுள்ள ரீப்பர் குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, மேல் குச்சி கீழ்க் குச்சிக்கு நேராக நிற்கும்படி அடுக்க வேண்டும். மேலே நாலைந்து ஹாலோ பிளாக் கல் ஏற்றுங்கள். சில்வர் ஓக் காயும்போது முறுக்கிக்கொள்ளும் குணமுள்ளது, அந்தக் கனம் அதைப் பிடித்து வைக்கும். இரு முனைகளிலும் உருக்கிய மெழுகோ கெட்டிப் பெயின்ட்டோ பூசாவிட்டால் முனை முந்திக் காய்ந்து ஒரு சாண் தூரம் வெடிக்கும்.

காய்ந்ததா என்பதை மீட்டர் வாங்காமலே அறியலாம். பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி, தபால் தராசிலோ சமையலறை டிஜிட்டல் தராசிலோ நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு அவனில் 100 முதல் 105 டிகிரி சூட்டில், எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம். 56 கிராம் துண்டு 50 கிராம் ஆனால் 12 சதவீதம். 10 முதல் 12-க்குள் வராத மரத்தில் மூடியுள்ள எதையும் செய்யாதீர்கள்.

சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் கட்டாயம். வாகைத் தூள் மூக்கைப் பதம் பார்க்கும், தும்மல் நிற்காது.

காபிக் கட்டை வேறு சாதி. வெளிறிய நிறம், நெருக்கமான இழை, நல்ல கடினம். அறுவடை முடிந்து கவாத்து செய்யும்போது வரும் தண்டுகளும், வயதாகிப் பிடுங்கும் செடிகளின் தூருமே கிடைக்கும், கனத்த துண்டு அபூர்வம். அதை அப்படியே வட்ட வில்லைகளாக அறுத்து வீரர் பொம்மைக்கு அடிப்பீடம் செய்பவர்கள், பத்து நாளில் நடுவிலிருந்து ஓரம்வரை கீறல் விழுவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். குருத்து உள்ளே இருக்கும் வட்டம் வெடிக்கத்தான் செய்யும். சுற்றளவு சுருங்கும் அளவுக்கு ஆரம் சுருங்காததால் எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். பச்சையாக இருக்கும்போதே தண்டைக் குருத்தோடு இரண்டாகப் பிளந்து, முனைக்கு மெழுகு பூசிக் காயவைத்து, அந்தப் பாதியிலிருந்து 25 மி.மீ. வட்டத்தைக் கடைசலில் எடுங்கள். மந்திரக்கோல், மூடிக் குமிழ், சிறு முத்திரைக் கட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. அராபிகா காபியின் பெரும் பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அது தாக்கிய செடியைத் தோட்டக்காரர்கள் பிடுங்கி எரிப்பதற்குக் காரணம் இருக்கிறது: புழு மாதக்கணக்கில் தண்டுக்குள்ளேயே இருந்து, பிறகு வண்டாக வெளிவந்து அடுத்த செடிக்குப் போகும். தண்டில் வளையம் வளையமாகப் புடைப்பு தெரிந்தால் அந்தக் கட்டையை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கிய நல்ல கட்டையையும் கொதிநீரில் இரண்டு மணி நேரம் போட்டு எடுத்த பிறகே கொட்டகைக்குள் விடுங்கள். கப்பலில் போகும் மரப்பெட்டிகளுக்கு உலக அளவில் உள்ள விதி, மரத்தின் நடுவரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது. கொதிநீரில் கைத்தடி கனமுள்ள துண்டு அதைச் சுலபமாகத் தாண்டும்.

இப்போது பகடைப் பெட்டி. அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் கெடுவதும் இதுதான். 20 மி.மீ. என்று விற்கப்படும் டி20-ஐ வாங்கி, 25 மி.மீ. பிட்டால் துளை போட்டுவிட்டு "ஐந்து மி.மீ. தாராளமாக இருக்கிறதே" என்று நினைக்கிறார்கள். 20 என்பது முகத்துக்கு முகம் உள்ள அளவு. மூலைக்கு மூலை அதே பகடை 25 மி.மீ.யைத் தாண்டும். துளையில் முட்டி, குழிக்குள் துணியும் ஒட்டியபின் இறுகி, கவிழ்த்தாலும் விழாது. வெர்னியர் அளவுகோலால் மூலைக்கு மூலை அளந்து, அதற்கு மேல் 3 மி.மீ. விடுங்கள். தட்டையான அடியுள்ள குழி போடும் 28 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட் ஏழு பகடைக்கும் போதும். குழிகளின் மையத்துக்கு மையம் 32 மி.மீ. வைத்தால் இடையில் 4 மி.மீ. சுவர் நிற்கும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று பூவைப்போல அமைத்தால் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 100 மி.மீ. உள்ள அறுகோணத்தில் அடங்கும். ஒவ்வொரு பக்கமும் 58 மி.மீ. வரும்.

அடிக்கட்டை 30 மி.மீ. கனம், குழி ஆழம் 24. மீதி 6 மி.மீ. இருக்கிறதே என்று இன்னும் ஆழம் போகாதீர்கள், பிட்டின் நடுமுள் மேலும் 2, 3 மி.மீ. இறங்கும். சதுரக் கட்டையாக இருக்கும்போதே ஏழு துளைகளையும் போட்டு முடித்து, அதன்பிறகு அறுகோணமாக அறுக்க வேண்டும். அறுகோணம் ஆன கட்டையைக் கிளாம்ப் நேராகப் பிடிக்காது, கடைசித் துளை கோணலாகும். டிரில் ஸ்டாண்டில் வேகத்தைக் குறைத்து, 5 மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை மேலே தூக்கிச் சுருளை வெளியேற்றுங்கள். புகை வந்தால் பிட்டின் முனை மழுங்கிவிட்டது. கருகின குழிச்சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்வது துளை போட்ட நேரத்தைவிட இரண்டு மடங்கு பிடிக்கும்.

மூடி அதே கட்டையிலிருந்து அறுத்த 10 மி.மீ. துண்டு. வேறு பலகையில் மூடி போட்டால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, ஓரத்தில் படி தெரியும். பிடிப்புக்கு 6 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனமுள்ள நியோடைமியம் காந்தம் மூன்று ஜோடி வேண்டும். மூலையில் இடம் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அங்கே குழிச்சுவருக்கும் வெளிவிளிம்புக்கும் இடையில் மரம் மெலிந்து பிளக்கும். பக்கத்தின் நடுவில், விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே காந்தத்தின் மையம் வரட்டும். ஒன்றுவிட்டு ஒரு பக்கம். மூன்றில் ஒரு ஜோடியை மட்டும் வடக்கு தெற்கு மாற்றி வைத்தால், இழை ஒத்துப்போகும் ஒரே வாக்கில்தான் மூடி உட்காரும், மற்ற வாக்குகளில் தள்ளும். ஒட்டுமுன் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு காந்தத்தின் மேல்முகத்திலும் குறி போடுங்கள். தலைகீழாக ஒட்டிய காந்தத்தைத் தோண்டி எடுத்தால் பெட்டியும் போகும். பசைக்கு இரு குழம்பு எபாக்சியே சரி. காந்தத்தின் வழவழப்பான மேல்பூச்சை உப்புத்தாளில் ஒரு இழு இழுத்துவிட்டு ஒட்டினால் கழன்று வராது. கழன்ற காந்தங்களைக் குழந்தை விழுங்கினால், இரண்டு சேர்ந்து குடலை நெரித்து உயிருக்கே ஆபத்தாகும். இதில் மலிவுப் பசை பற்றிய பேச்சே கூடாது.

இதைவிட நல்ல வடிவம் ஒன்று நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. பல்லாங்குழிப் பலகையின் ஒரு வரிசைக்குக் குழி 7. ஒரு செட் பகடையும் 7. மடக்குப் பல்லாங்குழி போலவே, 240 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலமுள்ள இரண்டு கட்டைகளை நீளவாக்கில் 25 மி.மீ. பித்தளைக் கீல் இரண்டால் இணையுங்கள். ஒரு வரிசையில் பகடை, எதிர் வரிசையில் இரண்டாவது செட்டோ, உருட்டுவதற்கான ஆழமில்லாத தொட்டியோ. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அகலம் 50 மட்டும் என்பதால் வளைவும் பாதியாகிறது. அறுகோணத்தை எந்த ஊர்க்காரரும் செய்வார். இது நம் கையிலிருந்துதான் போக முடியும். கீலின் திருகாணிக்கு 1.5 மி.மீ. முன்துளை போடாவிட்டால் காபிக் கட்டையும் வாகையும் பிளக்கும்.

உருட்டும் தட்டு எண்கோணமாகச் செய்வது வழக்கம். வெளி அகலம் 250 மி.மீ. என்றால் ஒரு பக்கம் 103.5 மி.மீ. ஒவ்வொரு முனையும் 22.5 டிகிரி. ரம்பம் கால் டிகிரி தவறினால் 16 வெட்டிலும் சேர்ந்து 4 டிகிரி ஆகிக் கடைசி மூட்டு வாய் பிளந்து நிற்கும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால் பாலிஷ் போட்டதும் காட்டிக்கொடுக்கும். முதலில் கழிவு மரத்தில் எட்டுத் துண்டு வெட்டிச் சேர்த்துப் பார்த்துக் கோணத்தைத் திருத்துங்கள். எட்டுப் பக்கத்தையும் வரிசையாகப் பரப்பி, வெளிப்புறம் பிரவுன் டேப் ஒட்டி, மூட்டுகளில் ஃபெவிகால் தடவிப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டினால் கிளாம்ப்பே வேண்டாம். அடித்தளம் 4 மி.மீ. பிளைவுட்டாக இருக்கட்டும். ஃபெல்ட் துணியை நேராகப் பிளைவுட்டில் ஃபெவிகால் போட்டு ஒட்டாதீர்கள், பசை துணிக்குள் ஊறிக் காய்ந்து பகடை விழும்போது 'டக் டக்' என்று கல்லில் விழுவதுபோல் கேட்கும். மெல்லிய அட்டையில் லேசாக ஒட்டி, அட்டையோடு உள்ளே இறக்குங்கள்.

பகடையை மேலே போட்டால் உருண்டு கீழே வரும் பகடைக் கோபுரத்தில் ஒன்றுதான் முக்கியம்: உள்ளே உள்ள சாய்பலகைக்கும் எதிர்ச்சுவருக்கும் இடைவெளி 38 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் இரண்டு பகடை தோளோடு தோள் முட்டி நின்றுவிடும். ஏழையும் ஒன்றாக நூறு முறை போட்டுப் பார்க்கும்வரை நாலாவது சுவரை ஒட்ட வேண்டாம்.

வீரர் பொம்மைப் பெட்டியின் அடியில் இரும்புத் தகடு வைத்து, பீடத்தில் காந்தம் ஒட்டுவார்கள். நம் ஊர் எவர்சில்வர்தானே என்று 304 வகைத் தகடு வாங்கினால் காந்தம் ஒட்டாது. 430 வகையோ ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடோ கேளுங்கள்.

மரத்திலேயே பகடை செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். டி6 செய்யலாம். 16 மி.மீ. கனசதுரம், மூன்று திசையிலும் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, எதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7. வைரமும் வெளிமரமும் கலந்த துண்டு வேண்டாம், ஒரு பக்கம் கனமாகும். 600 முறை உருட்டிக் குறித்தால் ஒவ்வொரு எண்ணும் 80-க்கும் 120-க்கும் இடையில் வர வேண்டும். அதைத் தாண்டினால் அந்தப் பகடையை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டி20-ஐக் கையால் மரத்தில் செய்து நேர்மையான பகடை என்று விற்பதை நாங்கள் ஏற்கவில்லை. இருபது முகங்களும் 138 டிகிரிச் சொச்சத்தில் ஒன்றையொன்று சந்திக்க வேண்டிய வடிவம் அது. ரெசின் பகடை வாங்கி நல்ல பெட்டியில் வைத்துக் கொடுப்பதே மரியாதை.

மெருகு விஷயம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷை மழை நாளில் பூசினால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூக்கும். ஏற்காட்டில் வெயில் ஏறிய பிறகு, மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் வெளிப்பக்கத்துக்கு நன்று. மூடிய பெட்டியின் உள்ளே பூசினால் பிசுபிசுப்பும் வாடையும் மாதக்கணக்கில் போகாது, உள்ளே அரக்கும் தேன்மெழுகும் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது ஆபத்து, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள்.

கறுப்பு மரம் கேட்பவர்களுக்காகச் சிலர் ஈட்டி (ரோஸ்வுட்) என்று சொல்லி எதையோ விற்கிறார்கள், இல்லையேல் ரசீது இல்லாத ஈட்டியைத் தேடிப் போகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கடுக்காய் இருக்கும்போது ஏன் கவலை? 100 கிராம் கடுக்காய்த் தூளை ஒரு லிட்டர் நீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். மரத்தை ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரை 320 நம்பர் தாளால் நீக்கி, கடுக்காய் நீர் பூசிக் காயவிட்டு, அதன்மேல் ஆணி நீர் பூசினால் கண்ணெதிரே கறுக்கும். மேல்பூச்சாக நிற்காமல் இழையில் ஊறிய கறுப்பு என்பதால் சுரண்டினாலும் சட்டென்று போகாது. விற்கும்போது "கடுக்காய்க் கறுப்பு ஏற்றிய சில்வர் ஓக்" என்றே சீட்டில் எழுதுங்கள்.

மூடியில் செதுக்கும் உருவத்துக்கு விளையாட்டு நிறுவனங்களின் சின்னத்தையும் அவர்கள் உருவாக்கிய பூதங்களையும் நகலெடுப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, தேவையும் இல்லை. வாகையிலும் தூங்குமூஞ்சியிலும் சாமி சிலை செதுக்கும் தம்மம்பட்டி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே யாளி செதுக்கத் தெரிந்த கைகளுக்கு டிராகன் பெரிய காரியமா? 10 மி.மீ. மூடியில் 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல், பார்சலில் உடையக்கூடிய மெல்லிய நீட்டல்கள் இல்லாமல் ஒரு யாளி முகம் போதும். அதே உளிதான், கூடவே ஒரு வெர்னியர் வேண்டும். கைவினைப் பயிற்சி நடத்துபவர்கள் தம்மம்பட்டிக்கு அந்த ஒரு கருவியையும் இந்த அளவுகளையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அடிவாரத்தில் பொதுவாக ஒரு உலர்த்தும் கொட்டகை போட மாவட்ட நிர்வாகம் இடம் தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. தனி ஆளுக்கு ஒரு வருட மரத்தை அடுக்கிவைக்க இடமும் இல்லை, முதலும் இல்லை.

காபி அறுவடை தை மாதத்தோடு பெரும்பாலும் முடிந்து, காபியைப் பூக்கவைக்கும் பூ மழைக்கு முன் கவாத்து நடக்கும். அந்தச் சில வாரங்களில்தான் நல்ல கட்டை விறகோடு விறகாகக் கிடக்கும். வாங்கப் போகிறவர்கள் மெழுகையும் அடுப்பையும் கையோடு கொண்டுபோய், வெட்டிய அன்றே முனைகளை அடைத்துவிடுங்கள். மறுநாள் காலைக்குள் முதல் கீறல் விழுந்துவிடும்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் நண்பர்கள்,
ஏற்காடு அடிவாரம், சேலம்.